ரெக்கார்டம்மாவும் தப்புப் பெட்டியும்

என் வீட்டுக்காரிக்கு டாக்டர்கள் கையெழுத்து புரியும். அவளைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அவளுக்கு வேலை கிடைத்தது, அந்த வேலையில் தலைவலி வந்தது, போன வருஷம் நான் மூன்று நாள் வீட்டில் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டு திரிந்தது, எல்லாமே இதிலிருந்து வந்த வினைதான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருஷம் மருந்துக் கடையில் நின்றிருக்கிறாள். எதிரில் மூன்று ஆஸ்பத்திரி. நாளைக்கு இருநூறு சீட்டு வரும். நமக்கெல்லாம் எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருப்பதை அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சரியான மாத்திரையோடு வருவாள். தான் எழுதியது தனக்கே விளங்காமல் கடைக்கு ஃபோன் போட்டு அவளிடம் கேட்ட டாக்டர்கள் உண்டு. கூச்சமே இல்லாமல் கேட்பார்களாம்.

மயக்க மருந்து டாக்டர்கள் சங்கத்தில் பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். அறுபது வருஷத்துக் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், எல்லாம் டாக்டர்கள் கைப்பட எழுதியவை. அதாவது, யாராலும் படிக்க முடியாதவை. பெரிய படிப்புப் படித்தவர்கள் நாலு பேர் வந்தார்கள். சங்கத்தை ஆரம்பித்தவர் எழுதிய கடிதம் ஒன்றைக் கையில் கொடுத்தால் இரண்டாவது வரியைத் தாண்டவில்லை. இவள் கடகடவென்று முழுப் பக்கத்தையும் படித்துவிட்டு, "இந்த அளவு கொடுத்தா ஆள் எழுந்திரிக்கமாட்டாரே?" என்று கேட்டாளாம். அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள். இருபத்தேழு வருஷமாகிறது. அங்கே அவளுக்குப் பெயர் ரெக்கார்டம்மா.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கத்துவது என் தொழில். எனக்குக் கோபம் அதிகம் என்று அவள் வீட்டார் சொல்வார்கள். அவர்கள் யாரும் கிளட்சை மிதிக்கச் சொன்னால் பிரேக்கை மிதிக்கிறவர்கள் பக்கத்தில் தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்ததில்லை.

அவள் அறை சங்கக் கட்டடத்தில் லிஃப்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துச் சலவைக்கூடத்து ஆவி முகத்தில் அடிக்கும், அதனால் அந்தச் சுவரில் மட்டும் காகிதம் வைக்கமாட்டாள். மற்ற மூன்று பக்கமும் பச்சை இரும்பு அலமாரி. ஒரு கண்ணாடிப் பெட்டியில் பழைய காலத்து முகமூடிகள், ரப்பர் பைகள், செம்பு உருளைகள். வருஷாந்திரக் கூட்டத்துப் புகைப்படங்கள் வரிசையாக இருக்கும். எந்த வருஷத்தை எடுத்தாலும் முன்வரிசையில் யாரோ ஒருத்தர் கண்ணை மூடியிருப்பார். டாக்டர்கள் காலமானால் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, "அப்பா வெச்சிருந்தது" என்று வாசலிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு மூட்டையில் பல்செட் ஒன்று வந்தது. அதற்கும் எண் போட்டு, துணியில் சுற்றி, அலமாரியில் வைத்திருக்கிறாள். அது வரலாறு இல்லை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையாம்.

ஒன்று சொல்ல வேண்டும், அவளுக்குப் பொய் எழுத வராது. பேசவே வராது, எழுதவா வரும்? அவள் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு லீவு வேண்டும். காய்ச்சல் என்று எழுது என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. 'சித்தப்பா மகள் கல்யாணம். போக விருப்பமில்லை. போகாவிட்டால் பேச்சு வரும். இரண்டு நாள் விடுப்பு வேண்டும்' என்று எழுதினாள். அந்தக் கடிதத்தையும் நகல் எடுத்து ஃபைலில் வைத்திருக்கிறாள்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷன் அறையில் ஒரு மயக்க டாக்டர் தப்புச் செய்துவிட்டால், அதை ஒரு சீட்டில் எழுதி, பெயர் போடாமல், வரவேற்பறையில் இருக்கும் மரப்பெட்டியில் போட வேண்டும். நோயாளி இன்னார் என்று தெரியாமல் இருக்க அவர் வயது, ஆணா பெண்ணா, என்ன தொழில், என்ன ஆபரேஷன் எல்லாவற்றையும் மாற்றி எழுதலாம். தப்பை மட்டும் மாற்றக் கூடாது. வருஷாந்திரக் கூட்டத்தில் சங்கத் தலைவர் ஒவ்வொன்றாகப் படிப்பார். இது மறுபடி நடக்காமல் இருக்க என்ன வழி என்று பேசி, ஒரு வரியில் முடிவெடுப்பார்கள். யார் எழுதியது என்று கேட்கக் கூடாது. பெட்டியின் மேல் 'அனுபவப் பகிர்வுப் பெட்டி' என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கிறது. எல்லாரும் தப்புப் பெட்டி என்றுதான் சொல்வார்கள்.

சீட்டைப் படிக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது என்பதும் வழக்கம். முகம் காட்டிக்கொடுத்துவிடுமே. அதனால் தலைவர் படிக்க ஆரம்பித்ததும் மண்டபத்தில் இருக்கும் முந்நூறு டாக்டர்களும் ஒரே மாதிரி அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள். வருஷா வருஷம் வயதான முன்னாள் தலைவர்களை எல் போர்டு மாட்டிய என் காரில் கூட்டி வருகிறவன் நான்தான் என்பதால் பின்வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது மேலே ஏதோ விழப்போகிறது என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும், அடுத்த வருஷத்திலிருந்து நானும் கூரையைத்தான் பார்க்க வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

ரகசியத்துக்கு எவ்வளவோ யோசித்திருக்கிறார்கள். பெட்டிக்கு இரட்டைப் பூட்டு. சீட்டை உதவியாளரிடம் சொல்லி எழுதவைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் அவரவர் கையாலேயே எழுத வேண்டும் என்று விதி. நடுவில் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும் என்று பயந்து இரண்டு வருஷம் ஒருத்தரும் ஒன்றும் எழுதவில்லை. மறுபடி பெட்டிக்கே வந்துவிட்டார்கள். கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு ரெக்கார்டம்மா பெட்டியைத் திறப்பாள். கமாகூட மாற்றாமல் டைப் அடித்துத் தலைவரிடம் கொடுப்பாள். கைப்பட எழுதிய மூலம் உறைக்குள் போய் அரக்கு முத்திரையோடு அலமாரியில் உட்கார்ந்துவிடும். ஐம்பது வருஷத்துக்கு யாரும் திறக்கக் கூடாது.

எல்லாம் சரி. டைப் அடிப்பவளுக்குக் கண் இருக்கிறது என்பதை மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. வருஷம் முழுக்க இந்த டாக்டர்களின் கடிதங்களையெல்லாம் படித்து ஃபைல் போடுகிறவள் அவள். ஊரிலேயே டாக்டர் கையெழுத்து நன்றாகத் தெரிந்த ஒருத்தியைத் தேடிப்பிடித்து, யார் கையெழுத்து என்று தெரியக் கூடாத வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு படித்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு தப்பு செய்ய வரும்.

எனக்கே தற்செயலாகத்தான் தெரிந்தது. கல்யாணமாகி எட்டாவது வருஷம், தபாலில் ஒரு உறை வந்தது. நான் வாசலில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் அடுப்படியிலிருந்தே பார்த்துவிட்டு இன்ன டாக்டரிடமிருந்து வந்திருக்கிறது என்றாள். அப்படியானால் அந்தச் சீட்டுகளும் தெரியுமா என்று கேட்டேன். அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். "இனிமே இதைக் கேக்காதீங்க" என்றாள். நான் கேட்கவில்லை. இது வெளியே கசிந்தால் பெட்டியில் மறுநாளிலிருந்து தூசிதான் விழும். அந்தப் பெட்டிதான் அவளுக்கு எல்லாம். முடிவெழுதும் பதிவேட்டில் நானூறு வரிக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு வரியாலும் யாரோ ஒருத்தர் பிழைத்திருக்கிறார் என்பாள். அப்படிச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் மாறும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். எடுத்துவிட வேண்டும் என்றார் கத்தி டாக்டர். அவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ஆபரேஷன் செய்கிறவர். தேதி குறித்துவிட்டு, மயக்கம் கொடுக்க அந்த ஆஸ்பத்திரி டாக்டரையே வைத்துக்கொள்ளலாம் என்றார். இவள் வேண்டாம் என்றாள். ஏன் என்றார். "அவர் சத்தமா பேசுவார்" என்றாள். பொய் பேசத் தெரியாதவளுக்குப் பொய் எப்படி வரும், இப்படித்தான் வரும். அவர் சத்தமாகப் பேசுவார்தான், ஆனால் மயங்கிக் கிடக்கிறவளுக்கு அதனால் என்ன?

இரண்டாவதாகத் தங்க மெடல் வாங்கிய ஒரு லேடி டாக்டரைச் சொன்னார்கள். எங்கள் மகள் வயதுப் பெண் முன்னால் நினைவில்லாமல் கிடக்கக் கூச்சமாக இருக்கிறது என்றாள். அப்படியானால் இவர்களெல்லாம் சீட்டுப் போட்டவர்கள் என்று எனக்குப் பட்டது. பார்ப்பதற்கு எவ்வளவு சாந்தமான பெண், எத்தனை பேரை முடித்திருக்கிறாளோ! இவள் வாயைத் திறக்கமாட்டாள், நான் கேட்கவும் கூடாது. ரோட்டில் எந்த மயக்க டாக்டரைப் பார்த்தாலும் நான் எதிர்ப் பக்கம் போய்விடுவேன் என்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

விஷயம் சங்கம் முழுக்கப் பரவியது. ரெக்கார்டம்மாவுக்கு ஆபரேஷன் என்றதும் ஆளாளுக்கு நான் வருகிறேன் என்றார்கள். கடைசியில் ஒரு நாள் நான் அவளைக் கூட்டிப்போக நிற்கும்போது தலைவரே அவள் அறைக்கு வந்தார். முப்பது வருஷ அனுபவம், சுவர் முழுக்கப் பதக்கம். அவரை எனக்கு முன்பே தெரியும். என்னிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். தன் வீட்டுக் கேட் தூணில் இரண்டு தடவை இடித்தார். இரண்டு தடவையும் இறங்கிப் போய்த் தூணைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதை யார் இங்கே கட்டினது என்று என்னைக் கேட்டார். இருந்தாலும் பெரிய டாக்டர், தானாக வந்து கேட்கிறார். இவள் எழுந்து நின்று, தலைவர் கையால் மயங்கினால் மரியாதையாக இருக்காது என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் சுண்டிப்போனது.

அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே மறுபடி வலி. காரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள், வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன். கத்தி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பித்தப்பை வீங்கியிருக்கிறது, உடைந்தால் உயிருக்கே ஆபத்து, உங்கள் மனைவிக்கு என்ன பயம் என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? உண்மையைச் சொன்னால் பெட்டி போய்விடும், சொல்லாவிட்டால் இவள் போய்விடுவாள். நானும் கூரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை, படுத்தபடியே, சாரி டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள்.

சாரி டாக்டர் என்றால் ஒரு ஒல்லியான அம்மா. ஐம்பது வயதிருக்கும். அறைக்குள் வரும்போதே சாரி என்றுதான் வருவார். நாற்காலியில் இடித்தால் நாற்காலியிடம் சாரி. லிஃப்டில் இடமில்லை என்றால் உள்ளே இருப்பவர்களிடமும் சாரி, லிஃப்டிடமும் சாரி. மற்ற டாக்டர்கள் அவரை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். எனக்கோ உயிர் வந்த மாதிரி இருந்தது. நாற்காலிக்கே வலிக்கும் என்று நினைக்கிற மனுஷி, யாருக்கு என்ன கெடுதல் செய்திருக்கப் போகிறார்? ஒரு சீட்டுகூடப் போடாத ஒரே ஆள் இவர்தான் போல, அதனால்தான் இவள் பிடிவாதமாக இருந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப் போனார்கள். ஒன்பதே காலுக்குக் கத்தி டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி, கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அவர் போய் வெகுநேரமாகியும் இவளைக் கொண்டுவரவில்லை. கேட்டதற்கு, மெதுவாக விழிக்கிறார்கள் என்றாள் நர்ஸ். சிலருக்கு அப்படித்தான் என்று நானும் அங்கே கிடந்த பேப்பரைப் பிரித்தேன். விளையாட்டுப் பக்கம், சினிமாப் பக்கம், வரி விளம்பரம் வரை படித்தேன். பன்னிரண்டு மணிவாக்கில் சாரி டாக்டர் வெளியே வந்தார். தொப்பி வேர்வையில் ஒட்டியிருந்தது. "சாரிங்க" என்றார். எதுக்கு டாக்டர் என்றேன். காக்கவைத்ததற்கு என்றார். இரண்டு நாளில் நாலு தடவை வந்து பார்த்தார், கத்தி டாக்டர்கூட அத்தனை தடவை வரவில்லை. கதவைத் திறந்ததற்கு ஒரு சாரி, விளக்கைப் போட்டதற்கு ஒரு சாரி, சும்மா நின்றுகொண்டிருந்துவிட்டு ஒரு சாரி. எப்போதும் சொல்கிற ஆள்தானே என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

இவள் தேறிவிட்டாள். மூன்றாவது வாரம் வேலைக்குப் போனாள். அந்தக் கல்லுக்கும் ஒரு எண் போட்டு வீட்டில் வைத்திருக்கிறாள்.

ஏழு மாதம் கழித்துப் பெட்டி திறக்கும் நாள் வந்தது. அன்று வீடு திரும்பியவள் கைப்பையைக்கூட வைக்காமல், கத்தி டாக்டர் வெளியே வந்த பிறகு தன்னை வெளியே கொண்டுவர எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டாள். மூன்று மணி நேரம் இருக்கும், ஏன் என்றேன். சரி என்றாள். அவ்வளவுதான். அடுத்த நாலு நாள் அவள் வீட்டில் இருந்தாளே தவிர இங்கே இல்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்னேன், ஆமாம் என்று சொல்லிவிட்டு அவளும் அப்படியே சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் காருக்கடியில் ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்க வயசையும் வேலையையும் நான் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா? ஒரு சீட்டுல போடணும். இல்லாத ஆளை எழுத எனக்கு வரல."

வெளியே வந்து ஸ்பானரைக் கீழே வைத்தேன். பிறகுதான் எல்லாம் வந்தது, பெட்டியில் சாரி டாக்டர் கையெழுத்தில் ஒரு சீட்டு. சீட்டு அறையை விட்டு வெளியே வரக் கூடாது. அதனால் மனப்பாடமாகவே ஒப்பித்தாள். பெண், ஐம்பத்துமூன்று வயது, ஆவணக் காப்பாளர், பித்தப்பை. ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஆபரேஷன் முடிந்து, தசைகளைத் தளர்த்திய மருந்தை முறிக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டிய நேரத்தில், பக்கத்திலேயே ஒரே நிறத்தில் இருந்த அந்தத் தளர்த்தும் மருந்தையே இன்னொரு தடவை ஏற்றிவிட்டார். கையில் இருந்த குப்பியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மறுபடி தூங்கவைத்து, மூச்சு மெஷினிலேயே வைத்து, மருந்து இறங்கும்வரை இரண்டு மணி நாற்பது நிமிஷம் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். கடைசி வரி இது: 'நோயாளியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இந்தச் சீட்டு முதலில் அவர் கைக்குத்தான் போகும்.'

வண்டியை எடுக்கிறேன், அந்த அம்மா வீட்டு வாசலில் நின்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி கேட்கிறேன் என்றேன். நாற்காலியிடமெல்லாம் சாரி கேட்கத் தெரிந்தவருக்கு என் பெண்டாட்டியிடம் வாயைத் திறந்து சொல்லத் தெரியவில்லையா என்று கத்தினேன். அவள் தடுக்கவில்லை. கத்தி முடிக்கட்டும் என்று டீயை நகர்த்தி நிழலில் வைத்தாள்.

"நீ அங்க மெஷின்ல கெடந்தப்போ நான் வெளிய உக்காந்து வரி விளம்பரம் படிச்சிட்டிருந்தேம்மா" என்றேன். உண்மையில் என் கோபம் முழுக்க அதில்தான் இருந்தது.

அவள் நிதானமாகச் சொன்னாள். சீட்டை உள்ளது உள்ளபடி படித்தால் அது யாரென்று மண்டபம் முழுக்கத் தெரியும், அவளுக்கு மயக்கம் கொடுத்தது யார் என்பது ஊரறிந்த விஷயம். படிக்கப் போவது தலைவர். வேண்டாம் என்று சொல்லப்பட்டவர். அவர் அதை எப்படி இழுத்து இழுத்துப் படிப்பார் என்று எனக்கே தெரியும். சாரி டாக்டர் அதோடு முடிந்தார். தப்பை எழுதிய ஒருத்தர் அகப்பட்டுக்கொண்டார் என்றானால் அடுத்த வருஷம் பெட்டியில் ஒன்றும் இருக்காது.

"அப்ப கிழிச்சுப் போடு."

"கிழிச்சா அந்த ரெண்டு குப்பியும் ஒரே தட்டுலதான் இருக்கும். அடுத்து வேற யாராவது வெளிய உக்காந்து பேப்பர் படிப்பாங்க."

அப்போதுதான், கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அந்தம்மா ஒரு தப்பும் பண்ணாதவங்கன்னுதானே அவங்களைக் கூப்பிட்ட?"

அவள் ஜன்னலைத் தேடினாள். வெளியே தரையில் உட்கார்ந்திருந்ததால் சாத்த ஜன்னல் இல்லை. "இதோட சேத்துப் பன்னெண்டு சீட்டு. எங்க சங்கத்துலேயே அதிகம்" என்றாள்.

"தலைவர் எத்தனை?"

"ஒண்ணு கூட இல்ல. நான் அங்க சேர்ந்ததுலேருந்து."

"அப்ப அவர்தானேம்மா நல்ல டாக்டர்?"

"உங்ககிட்ட வண்டி கத்துக்கிட்டப்போ எத்தனை தடவை இடிச்சாரு?"

"ரெண்டு."

"அதுல எத்தனை தடவை 'நான்தான் இடிச்சேன்'னு சொன்னாரு?"

மற்ற இரண்டு பேரைப் பற்றி நான் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருபத்தேழு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான், இனி வராது.

மூன்று நாள் வீட்டில் சாப்பிடவில்லை. டிரைவிங் ஸ்கூல் பக்கத்தில் சாப்பிட்டேன். அந்த மூன்று நாளும் என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், பாவம். மூன்றாவது நாள் ஒரு வங்கி அதிகாரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பூந்தொட்டியை உடைத்துவிட்டு, நான் கத்துவதற்கு முன்பே, "என் தப்பு சார், கண்ணாடியைப் பாக்கல" என்றார். நான் கத்தவில்லை. இனிமேல் இந்த ஆள் கண்ணாடியைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாகத் தெரிந்த விஷயம்தான்.

நாலாம் நாள் காலை அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். "வயசு அம்பத்தொம்பது இல்ல, போன மாசத்தோட அறுபது. சரியா போடு" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டினாள். அன்றே டைப் அடித்துவிட்டாள். அதோடு, ஒரு சீட்டின் படிக்கும் பிரதிக்கும் மூலத்துக்கும் ஐந்து இடத்தில் வித்தியாசம் இருக்கிறது என்று தன் கைப்பட இன்னொரு சீட்டு எழுதி, பெயர் போடாமல், காலியாக இருந்த பெட்டியில் போட்டாளாம். அதை அடுத்த வருஷம் அவளேதான் திறந்து, யார் கையெழுத்து என்று தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். நான் விரல் விட்டு எண்ணினேன். ஆண், வயது, தொழில், ஆபரேஷன். நாலுதானே வருகிறது என்றேன். அஞ்சாவதைக் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

கூட்டத்தன்று முன்னாள் தலைவர்கள் மூன்று பேரைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஐந்து வரிசைக்கு முன்னால் சாரி டாக்டர். முதுகு மட்டும் தெரிந்தது. கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். மேடைக்குக் கீழே சின்ன மேசையில் பதிவேட்டோடு என் வீட்டுக்காரி.

தலைவர் படிக்க ஆரம்பித்தார். முந்நூறு தலைகளும் அண்ணாந்தன. பதிமூன்று சீட்டு போயிற்று. பதினாலாவதை எடுத்தார். "ஆண். வயது அறுபது. ஓட்டுநர் பயிற்சியாளர். குடலிறக்க ஆபரேஷன்." என் பக்கத்தில் இருந்த முன்னாள் தலைவர் ஒருத்தர் கூரையைப் பார்த்தபடியே என் முழங்கையை ஒரு தட்டுத் தட்டினார். நானும் கூரையைத்தான் பார்த்தேன். இரண்டு மருந்து, ஒரே நிறம், ஒரே தட்டு, இரண்டு மணி நாற்பது நிமிஷம். நானே அங்கே படுத்திருந்தது மாதிரி இருந்தது.

தலைவர் கடைசி வரியைப் படித்தார். "நோயாளியிடம் சொல்லியாயிற்று."

உத்தரவை மீறி நான் கீழே பார்த்தேன். முந்நூறு தலையில் ஒரே ஒரு தலை இறங்கியிருந்தது. சாரி டாக்டர் நேராக அந்தச் சின்ன மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரி பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, தலையாட்டவில்லை, ஒன்றுமில்லை. பார்த்தாள். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டாள். இரண்டு மருந்தையும் இனி வேறு வேறு தட்டில்தான் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. யாரோ ஒருத்தர், சொன்ன பிறகு நோயாளி என்ன சொன்னாராம் என்று கேட்டார். அது எழுதவில்லை என்றார் தலைவர்.

மதியச் சாப்பாட்டுக்கு நானும் அவளும் ஓரமாகத் தட்டோடு நின்றோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாரி டாக்டர் வந்தார். வழியில் இரண்டு பேரை இடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் முன்னால் வந்து நின்றார். ஒரு மாதமாக இந்த அம்மாவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று காருக்கடியில் படுத்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் வாயைத் திறந்தார். வரப்போகிற வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும். அது வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"குடலிறக்கம் இப்போ பரவாயில்ல டாக்டர்" என்றேன்.

அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.